ஒற்றை நாற்றுக்குக் கை கொடுத்தவர்களுக்கு நன்றி

ஊர்ப் பெரியவர்களுக்கும் அக்கா தங்கைகளுக்கும் அலுவலர்களுக்கும் எங்கள் உழவர் குழுவின் வணக்கம்.

தாமிரபரணித் தண்ணீர் பாயும் எங்கள் வயல்களில் இந்தப் பிசானப் பருவத்துக்கு ஒற்றை நாற்று நடவு முறையில் நெல் போட்டு, அறுவடையும் நல்லபடியாக முடிந்தது. களத்தில் நெல் காயும்போதே நன்றியைச் சொல்லிவிடுவதுதான் முறை.

முதல் நன்றி நடவுக்கு வந்த பெண்களுக்கு. நாலைந்து நாற்றைச் சேர்த்துப் பிடித்து மளமளவென்று ஊன்றிப் பழகிய கைகள் அவை. அந்தக் கைகளில் பதினான்கு நாள் நாற்றைக் கொடுத்து, வேர்மண் உதிராமல் ஒவ்வொன்றாக, வயலில் கோடு போடும் கருவியான மார்க்கர் போட்ட கோடுகள் சந்திக்கும் இடத்தில், 22.5 சென்டிமீட்டருக்கு ஒன்றாக வைக்கச் சொன்னோம். ஏக்கருக்கு இவ்வளவு என்று மொத்தமாகக் கூலி பேசும் ஊரில் வேலை மெதுவானால் நஷ்டம் நடுகிறவர்களுக்குத்தானே? "கூலிய நாள் கணக்குல போடுங்க, நாங்க கத்துக்கிடுதோம்" என்று நடவுக் குழு அக்கா சொன்னார். நியாயமான பேச்சு. அப்படியே செய்தோம், காரியம் நடந்தது. புது முறையைக் கொண்டுபோகிற யாரும் முதலில் இந்தக் கூலிக் கணக்கைப் பேசிவிட வேண்டும் என்பது எங்கள் உறுதியான எண்ணம்.

ஏக்கருக்கு இரண்டு மூன்று கிலோ விதை, ஒரு சென்ட் நாற்றங்கால் போதும் என்றால் யாருக்கும் ஆசை வரும். ஆனால் நட்ட வயலைப் பார்த்தால் வெறும் தொளிதான், சேறுதான் தெரியும்; பார்த்தவர்களுக்கு வயிறு கலங்கியது. அந்த நாட்களில் உதவி வேளாண்மை அலுவலர் விடுமுறை என்றும் பாராமல் வந்தார். ஒரு குத்தைப் பிடுங்கி, வாய்க்காலில் அலசி, வேரை எங்கள் உள்ளங்கையில் விரித்து வைத்தார். வெள்ளை வெளேரென்று ஆரோக்கியமாக இருந்தது. பக்கத்து வயலில் பிடுங்கிய குத்தின் வேர் பழுப்பேறிக் கிடந்தது. அப்புறம் யாரும் எதுவும் கேட்கவில்லை.

எங்களுக்கு முன்னே தண்ணீர் பாயும் வயல்களை வைத்திருக்கும் மேல்மடைக்காரர்களை மறக்க முடியாது. இந்த முறையில் தண்ணீரைத் தேக்கி வைக்கக் கூடாது. மண்ணில் மயிரிழை வெடிப்பு விட்டதும் ஓரங்குலம் கட்டினால் போதும். வயலுக்கு வயல் தண்ணீர் பாயும் பாசனத்தில் இதை ஒருவர் தனியாகச் செய்ய முடியாது. முறை மாற்றி மடை திறக்க ஒப்புக்கொண்ட அத்தனை பேருக்கும் கடன்பட்டிருக்கிறோம்.

களையை அமுக்கத் தள்ளிக்கொண்டு போகும் கோனோ வீடர் கருவியின் கைப்பிடியில் துளைகள் போட்டு, அவரவர் உயரத்துக்கு ஏற்றி இறக்கும்படி செய்து கொடுத்த பட்டறை அண்ணாச்சிக்குத் தனி நன்றி. அதன் பிறகுதான் பெண்களும் இடுப்பு வலிக்காமல் களையைச் சேற்றிலேயே அமுக்கித் தள்ள முடிந்தது.

எங்களுக்கு முன்னே உழைத்தவர்களும் உண்டு. 1983-ல் மடகாஸ்கரில் இளம் நாற்றை நட்டுப் பார்த்து இந்த முறைக்கு வழி காட்டியவர் ஹென்றி தெ லொலானியே என்ற பிரெஞ்சுப் பாதிரியார். தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் 2003-04-ல் இதே தாமிரபரணிப் படுகையில் நூறு உழவர் வயல்களில் இதைச் செய்து பார்த்தது. ஹெக்டேருக்குச் சராசரியாக ஒன்றரை டன் அளவுக்குக் கூடுதலாகக் கிடைத்தது. அந்த உழவர்கள் தங்கள் வயலைத் துணிந்து கொடுத்திராவிட்டால் எங்களுக்கு இந்தத் தைரியம் வந்திருக்காது. அவர்களுக்கும் எங்கள் நன்றி.

கார் பருவ நடவுக்கு மார்க்கரும் வீடரும் தேவைப்படுகிறவர்கள் குழுவில் சொல்லி எடுத்துக்கொள்ளலாம், வாடகை கிடையாது. நடவு சொல்லிக்கொடுக்க அக்காமார் வருவார்கள். அவர்களுக்கு நாள் கூலியை முன்பே பேசிவிடுங்கள்.

இப்படிக்கு,
உழவர் குழுவினர்