ஸ்டீபன்ஸைப் பற்றி, சேகருக்கு

அன்புள்ள சேகர்,

இங்கே எல்லோரும் நலம். அம்மாவுக்குக் கண் அறுவை நல்லபடியாக முடிந்தது. பாபு இன்னும் அதே பாபுதான். சரி, விஷயத்துக்கு வருகிறேன்.

அமெரிக்க உள்நாட்டுப் போர் மாநில உரிமைக்காக நடந்த போர் என்று அன்றைக்குச் சொல்லிவிட்டு போனை வைத்துவிட்டாய். மாநில உரிமை என்று யார் சொன்னாலும் உனக்குப் பாசம் பொங்கிவிடும், தெரியும். ஆனால் இதை என்னால் விட முடியவில்லை. அலெக்சாண்டர் ஸ்டீபன்ஸைப் பற்றித் தேடித் தேடிப் படித்துக்கொண்டிருக்கிறேன்.

அமெரிக்காவின் தென்மாநிலமான ஜார்ஜியாவைச் சேர்ந்த அரசியல்வாதி. ஐம்பது கிலோகூடத் தேறாத நோயாளி உடம்பு. ஆனால் பேச்சில் புலி. 1848இல் மெக்சிகோ போரை எதிர்த்து அவர் பேசியதைக் கேட்டுக் கண் கலங்கியதாக, அமெரிக்க நாடாளுமன்றத்தில் உடன் உறுப்பினராக இருந்த லிங்கனே எழுதியிருக்கிறார். 1860இல் அதிபர் தேர்தலில் லிங்கன் ஜெயித்ததும், ஒன்றியத்தை விட்டுப் போகாதீர்கள் என்று சொந்த மாநிலத்தாரிடம் மன்றாடியவரும் இதே ஸ்டீபன்ஸ்தான். அந்த டிசம்பரில் லிங்கன் அவருக்கு எழுதினார்: அடிமை முறை சரி, அது பரவ வேண்டும் என்கிறீர்கள் நீங்கள், அது தவறு, கட்டுப்படுத்த வேண்டும் என்கிறோம் நாங்கள், சிக்கல் அங்கேதான்.

இரண்டே மாதத்தில் ஸ்டீபன்ஸ் பிரிந்துபோன தென்மாநிலங்களின் துணை அதிபர். 1861 மார்ச் 21 அன்று சவானா நகரில் பேசினார். கறுப்பர் வெள்ளையருக்குச் சமமில்லை, அடிமைத்தனமே அவர்களுக்கு இயல்பான நிலை, எங்கள் புதிய அரசின் மூலைக்கல்லே இந்த உண்மைதான் என்றார். போர் தொடங்க இன்னும் மூன்று வாரம் இருந்தது. போரில் தெற்கு தோற்ற பிறகு இரண்டு தடித்த தொகுதிகள் எழுதினார். அதில் மூலைக்கல் இடம் மாறிவிட்டது. சண்டை முழுக்க ஒன்றிய அதிகாரத்துக்கும் மாநில அதிகாரத்துக்கும் இடையிலாம். அடிமை முறை அதற்கு ஒரு சந்தர்ப்பம் மட்டுமாம். நீ போனில் சொன்னது அந்த ஸ்டீபன்ஸின் பேச்சு, சேகர்.

இதையும் கேள். 1850இல் தப்பியோடும் அடிமைகளைப் பிடித்துத் தர ஒன்றியச் சட்டம் வந்தது. விஸ்கான்சின் மாநில உச்ச நீதிமன்றம் அது செல்லாது என்றது. தெற்கு அப்போது விஸ்கான்சினின் உரிமைக்காக வாய் திறந்ததா? ஒன்றிய அரசு வந்து பிடித்துக் கொடுத்தே ஆக வேண்டும் என்றது. அந்தச் சட்டத்தை ஒழுங்காக நிறைவேற்றினால்தான் ஒன்றியம் நிலைக்கும் என்று 1850 டிசம்பரிலேயே ஜார்ஜியா மாநாடு தீர்மானம் போட்டிருந்தது. அதற்கு ஆள் திரட்டியவர்களில் ஸ்டீபன்ஸும் ஒருவர்.

1860 கணக்கெடுப்பில் அமெரிக்காவில் ஏறக்குறைய 40 லட்சம் பேர் அடிமைகள். ஸ்டீபன்ஸின் பண்ணையிலும் இருந்தார்கள். மாநிலத்தின் உரிமையைப் பேசும்போது இவர்களை எந்தக் கணக்கில் வைப்பது என்று நீதான் சொல்ல வேண்டும்.

பொங்கலுக்கு லதா வருகிறாளாம். நீயும் வா. சவானா உரையை எடுத்து வைத்திருக்கிறேன், முழுதாகப் படித்துவிட்டு என்னோடு சண்டை போடு.

அன்புடன்,
மூர்த்தி