அனபாப்டிஸ்ட்டுகளை ஒரே வரியில முடிச்சிட்டீங்களே!

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

போன இதழ்ல வந்த சபைச் சீர்திருத்தக் கட்டுரை நல்லாத்தான் இருந்துச்சு, லூதர் பகுதியை வீட்ல சத்தமாவே வாசிச்சோம். ஆனா சுவிட்சர்லாந்து சூரிச் நகரத்துச் சீர்திருத்தக்காரர் ஸ்விங்லிக்கு ரெண்டு பக்கம் குடுத்துட்டு, குழந்தைக்கு இல்ல, வளர்ந்து விசுவாசிச்சப்புறம்தான் ஞானஸ்நானம்னு சொன்ன அனபாப்டிஸ்ட்டுகளை மட்டும் மூன்ஸ்டர்ல கலகம் பண்ணின கூட்டம்னு ஒரே வரியில தள்ளிட்டீங்க, அது நியாயமில்ல சார். இவங்கள்ல ஒரு கூட்டம் ஜெர்மனியில மூன்ஸ்டர் நகரத்தை ஆயுதத்தோட பிடிச்சுக்கிட்ட அந்தக் கூத்து நடந்தது 1534-35ல. இவங்க கதை அதுக்கு ஒம்பது வருஷம் முன்னாடி ஸ்விங்லியோட ஆளுங்ககிட்டயே ஆரம்பிச்சிடுச்சு.

கொன்ராட் கிரேபெல், ஃபீலிக்ஸ் மான்ஸ் ரெண்டு பேரும் ஸ்விங்லி கூட உக்காந்து வேதம் படிச்ச பசங்க. வேதத்துல இருக்குறதைத்தான் செய்யணும்னு சொல்லிக்குடுத்ததே அவர்தான், அப்ப குழந்தை ஞானஸ்நானம் அதுல எங்க இருக்குன்னு இவங்க கேட்டாங்க, அவ்வளவுதான். ஸ்விங்லிக்கே முன்னாடி அந்த சந்தேகம் இருந்திருக்கு, பிற்பாடு அவரே ஒத்துக்கிட்டாரு. 1525 ஜனவரியில நகர கவுன்சில், எட்டு நாளுக்குள்ள பிள்ளைங்களுக்கு ஞானஸ்நானம் குடுங்க இல்ல ஊரை விட்டுக் கிளம்புங்கன்னு உத்தரவு போட்டுச்சு. இவங்க ஜனவரி 21 அன்னைக்கு ஒரு வீட்ல கூடினாங்க, பாதிரியாரா இருந்த ஜார்ஜ் பிளாவ்ராக் கிரேபெல் கையால ஞானஸ்நானம் எடுத்துக்கிட்டு, அப்புறம் அவரே மத்தவங்களுக்கும் குடுத்தாரு. முழுக்கு கூட இல்ல, தண்ணி ஊத்தினதுதான். (தெளிச்சா செல்லுமா, முழுகினாத்தான் செல்லுமான்னு நம்ம ஊர்ல மல்லுக்கட்டுறவங்க இதைக் கொஞ்சம் கவனிக்கலாம்.)

கவுன்சிலுக்கு உண்மையான பயம் தண்ணி மேல இல்லைங்க. அந்தக் காலத்துல பிறந்த குழந்தைக்கு ஞானஸ்நானம் குடுத்தா அது சபையிலயும் சேர்ந்த மாதிரி, ஊர்லயும் சேர்ந்த மாதிரி. வளர்ந்தப்புறம் நானே முடிவு பண்ணிக்கிறேன்னு ஒருத்தன் சொன்னா சபை வேற ஊர் வேறன்னு ஆயிடுதே, அதுலயும் இவங்கள்ல நிறைய பேரு சத்தியப்பிரமாணம் எடுக்கமாட்டேன் வாள் தூக்கமாட்டேன்னு வேற நின்னாங்க. 1526ல சூரிச்ல ஞானஸ்நானப் பதிவேடு வந்ததும், மறுபடி ஞானஸ்நானம் குடுத்தா தண்ணியில முக்கிக் கொல்லணும்னு சட்டம் வந்ததும் ஒரே வருஷத்துல.

1527 ஜனவரி 5, குளிர்காலம். மான்ஸை படகுல ஏத்தி சூரிச்ல ஓடுற லிம்மாத் ஆத்து நடுவுல கொண்டுபோனாங்க. ரெண்டு கையையும் கட்டி முழங்காலுக்கு மேல மாட்டி, நடுவுல ஒரு கம்பைச் சொருகி அப்படியே தண்ணியில தள்ளிட்டாங்க. விசுவாசத்தை விட்டுடாதடான்னு கரையில இருந்து தைரியம் சொன்னது யாரு தெரியுமா, அவரோட அம்மாவும் கூடப் பிறந்தவரும். இது போப் ஆளுங்க செஞ்சதில்ல, சீர்திருத்தக்காரங்க ஊர்ல நடந்தது. கத்தோலிக்கர்களும் சும்மா இல்ல, அதே வருஷம் அனபாப்டிஸ்ட் தலைவர் மைக்கேல் சாட்லரை ஜெர்மனியில ராட்டன்பர்க்ல எரிச்சாங்க, அடுத்த வருஷம் இன்னொரு தலைவர் ஹுப்மையரை வியன்னாவுல. மத்த எதுலயும் ஒத்துப்போகாத ரெண்டு கட்சியும் இதுல மட்டும் கை கோத்துக்கிச்சு.

மூன்ஸ்டருக்கு அப்புறம் மிச்சம் இருந்தவங்களை ஆயுதம் வேண்டாம்னு சொல்லித் திரட்டினவரு மென்னோ சைமன்ஸ், இவங்க வழியில வந்த மென்னோனைட்டு சபைங்கிற பேரே அவரால வந்ததுதான், அவரு பேரும் உங்க கட்டுரையில இல்ல. சூரிச் சபையே 2004ல தப்பு நடந்துச்சுன்னு ஒத்துக்கிட்டு லிம்மாத் கரையில நினைவுக்கல் வெச்சிருக்கு.

அடுத்த இதழ்ல இடம் இருந்தா டிர்க் வில்லெம்ஸ்ங்கிற இன்னொரு அனபாப்டிஸ்ட் பத்தி எழுதச் சொல்லுங்க. ஜெயில்ல இருந்து தப்பிச்சு ஓடுறப்ப, துரத்தி வந்தவன் பனிக்கட்டி உடைஞ்சு தண்ணியில விழ, திரும்பிப்போய் அவனைத் தூக்கிவிட்டு அதனாலயே மாட்டிக்கிட்ட ஆளு, 1569ல எரிச்சிட்டாங்க.

இப்படிக்கு,
ஒரு வாசகர், பாளையங்கோட்டை