பற்றாக்குறைக் கணக்கை ஜூனுக்கு முன்னால் சொல்லுங்கள்: காவிரி ஆணையத்துக்குக் கடைமடையிலிருந்து

மதிப்பிற்குரிய காவிரி நீர் மேலாண்மை ஆணையத் தலைவருக்கும் உறுப்பினர்களுக்கும் வணக்கம்.

தீர்ப்பாயம், இறுதித் தீர்ப்பு, உச்ச நீதிமன்றம் என்று பழைய கதையைச் சொல்லி உங்கள் நேரத்தை வீணாக்கப் போவதில்லை. காவிரியின் மொத்த நீர் 740 டி.எம்.சி. (ஒரு டி.எம்.சி. நூறு கோடி கன அடி), அதில் தமிழ்நாட்டின் பங்கு 404.25, கர்நாடகம் எல்லையில் விட வேண்டியது 177.25 எல்லாம் உங்களுக்கு மனப்பாடம். இங்கே டீக்கடையிலும் மனப்பாடம்தான். கேட்க வந்தது ஒன்றே ஒன்று. மழை குறைந்த ஆண்டில் எந்த மாதம் எவ்வளவு குறையும், எப்படிக் கணக்கிட்டுக் குறைப்பீர்கள் என்பதை, தண்ணீர்க் கணக்கு ஆண்டு தொடங்கும் ஜூன் 1-க்கு முன்னால் எழுதி வெளியிடுங்கள்.

2023-ஐ மறந்திருக்க மாட்டீர்கள். கர்நாடகம் விட வேண்டியது ஆகஸ்டுக்கு 45.95 டி.எம்.சி., செப்டம்பருக்கு 36.76 டி.எம்.சி. என்று மாத அட்டவணை சொல்கிறது. அந்த ஆண்டு அணைகளுக்கே வரத்து இல்லை, ஒத்துக்கொள்கிறோம். ஆனால் எவ்வளவு குறைப்பது என்பது கூட்டத்துக்குக் கூட்டம் மாறியது. விநாடிக்கு 5,000 கன அடி, பதினைந்து நாளைக்கு. அப்புறம் 3,000. இரண்டு மாநிலமும் நீதிமன்றத்துக்கு ஓடின, அக்டோபரில் மேட்டூரை மூடினார்கள். வண்டி போன பிறகு நேர அட்டவணை ஒட்டுவது போல, ஒவ்வொரு உத்தரவும் எங்கள் கையிலிருந்த முடிவு கைவிட்டுப் போன பிறகுதான் வந்தது.

என்ன முடிவு என்கிறீர்களா? விதை. சம்பாவுக்கு சி.ஆர். 1009 நெல் ரகம் போடுவதென்றால் அது ஐந்து மாதப் பயிர், ஆகஸ்டிலேயே விதைத்தாக வேண்டும். தண்ணீர் தாமதமாகும் என்று தெரிந்தால் மத்திய கால ரகத்துக்கு மாறிக்கொள்ளலாம். தெரியாவிட்டால்? அரிச்சந்திரா நதியும் அடப்பாறும் போகிற எங்கள் பக்கத்தில் புழுதியிலேயே விதைத்துவிட்டு வானத்தைப் பார்ப்போம். ஒரு தூறல் விழும், நெல் முளைக்கும். ஆற்றில் தண்ணீர் வராது. முளைத்தது நுனி கருகி, பிறகு வேரோடு கையில் வந்துவிடும். மறுபடி உழவு, மறுபடி விதை, மறுபடி நகைக்கடன். அப்படிப் பிந்தி விதைத்த பயிர் ஒரு சாண் உயரம் இருக்கும்போது நவம்பர் மழை வந்து மூழ்கடிக்கும். வறட்சியும் வெள்ளமும் ஒரே வயலில், ஒரே பருவத்தில். ஆகஸ்டு முதல் வாரத்தில் ஒரு எண் தெரிந்திருந்தால் இதில் பாதி நடக்காது.

இன்னொன்று, வழியில் தண்ணீருக்கு ஆகும் சேதாரம். மாநில எல்லையில் பிலிகுண்டுலுவில் அளக்கிற 5,000 கன அடி பதினைந்து நாளும் முழுசாக வந்தாலும் 6.48 டி.எம்.சி.தான். அது மேட்டூர் வந்து, கல்லணை வந்து, வெண்ணாற்றில் பிரிந்து எங்கள் மதகுக்கு வருவதற்குள் எவ்வளவு மிஞ்சும்? காய்ந்து கிடக்கும் ஆற்று மணல் முதலில் தன் பங்கைக் குடித்துவிட்டுத்தான் மிச்சத்தை விடும். முறை வைத்து அடைத்துத் திறந்தால், திறக்கிற ஒவ்வொரு தடவையும் அது குடிக்கும். அதனால் 9,000 கன அடி விடுகிற இடத்தில் 3,000 விட்டால் கடைமடைக்கு மூன்றில் ஒரு பங்கு வந்து சேராது. பல நாள் ஒன்றுமே வராது. மதகைத் திறந்து மூடும் லஸ்கர் ஷட்டரைத் தூக்கிவிட்டு, அடியில் நனைந்த சேற்றைப் பார்த்துவிட்டுப் போவார். காகிதத்தில் பங்கு கொடுத்தாயிற்று. கடலுக்குத் தவிர்க்க முடியாமல் போவதென்று தீர்ப்பாயம் 4 டி.எம்.சி. எழுதி வைத்தது. மணலுக்குள் போவதையும் தினமும் அளந்து எழுதினால் என்ன?

எல்லாப் பழியும் டெல்லிக்கும் பெங்களூருக்கும் என்று சொல்லமாட்டேன். மணலை அள்ளி ஆற்றைப் பள்ளமாக்கியது நம் ஊர்க்காரர்கள்தான். தண்ணீர் திறந்த பிறகு தூர்வாரப் பொக்லைன் இறக்குகிற அதிசயமும் இங்கேதான் நடக்கும். டெல்டாவில் நிலத்தடி நீர் இருக்கிறது என்று 2018-இல் உச்ச நீதிமன்றம் நம் பங்கில் 10 டி.எம்.சி. கழித்தது. தலைஞாயிறு பக்கம் போர் போட்டுப் பாருங்கள், உப்பளம் வைக்கலாம். சரி, அது உங்கள் கையில் இல்லை, விடுகிறேன்.

உங்கள் கையில் இருப்பதற்கு வருகிறேன். 740 டி.எம்.சி. என்பது ஐம்பது சதவீத நம்பகத்தன்மையில் போட்ட கணக்கு. அதாவது ஏறக்குறைய இரண்டு ஆண்டில் ஒன்று குறையும் என்பது அந்தக் கணக்கிலேயே இருக்கிறது. குறைந்தால் பங்குகளை விகிதப்படி குறைக்க வேண்டும் என்று தீர்ப்பாயமும் சொல்லிவிட்டது. ஆனால் ஆண்டு மொத்தம் எவ்வளவு என்பது மே மாதம் முடிந்தால்தானே தெரியும்? ஆகஸ்டில் எதை வைத்துக் குறைப்பது, எந்தத் தேதி வரை வந்த வரத்தைப் பார்ப்பது, பிறகு மழை கொட்டினால் பாக்கியை எப்படி நேர் செய்வது? சண்டையெல்லாம் இங்கேதான். 2024 ஜூலையில் நாளுக்கு 1 டி.எம்.சி.யா, விநாடிக்கு 8,000 கன அடியா என்று மல்லுக்கட்டினார்கள். மாதக் கடைசியில் மேட்டூர் 120 அடியைத் தொட்டு நிரம்பி, கொள்ளிடத்தில் லட்சம் கன அடிக்கு மேல் கடலுக்குப் போனது. உத்தரவு போடும் வேலையை மழையே பார்த்துக்கொள்ளும் என்றால் ஆணையம் எதற்கு என்று எங்கள் ஊர்ப் பெரியவர் கேட்டார். கோபத்தில் கேட்டது, மன்னிக்கவும்.

அணைகள் நிரம்பியிருக்கும் ஆண்டுதான் இதை எழுத நல்ல சமயம். அப்போது யாருக்கும் தொண்டை வறண்டிருக்காது. ஆகவே தயவுசெய்து, பற்றாக்குறை விதியை ஜூன் 1-க்கு முன்னால் வெளியிடுங்கள். பிலிகுண்டுலு, மேட்டூர், கல்லணை, வெண்ணாற்றின் கடைசி மதகுகள் என நான்கு இடத்து அளவையும் தினமும் ஒரே பட்டியலில் போடுங்கள், வழியில் குறைந்தது எவ்வளவு என்று பக்கத்திலேயே தெரியட்டும். தமிழிலும் கன்னடத்திலும் போடுங்கள். மண்டியாவில் கரும்பு வைத்திருப்பவருக்கும் தன் வாய்க்காலுக்கு எப்போது தண்ணீர் நிற்கும் என்று தெரிய வேண்டும்.

இப்படிக்கு,
நாகப்பட்டினம் மாவட்டக் கடைமடை விவசாயி