மச்சான், நீ அனுப்பின குண்டுகளைப் பாத்தன்

டேய் மச்சான்,

சுகமா இருக்கிறியோ, இஞ்ச எல்லாரும் சுகம், மழையைத்தான் காணேல்ல, குளத்தில தண்ணி அடியில கிடக்கு. நீ மண்ணுக்க கிண்டி எடுத்த குண்டுகளெண்டு அனுப்பின படங்களை நேற்று இரவு பாத்திட்டு எனக்குச் சிரிப்புத்தான் வந்தது, நான் 2010ல இருந்து மிதிவெடி அகற்ற, மண்ணுக்க இரும்பு தேடுற டிடெக்டரோட வெய்யிலுக்க முழங்காலில நிண்டு சம்பளத்துக்குச் செய்யிற வேலையை நீ அங்க காசு குடுத்து மெஷின் வாங்கி ஞாயிற்றுக்கிழமையில ஆசைக்குச் செய்யிறாய். மெஷின் கத்தினா உனக்குப் புளுகம், எனக்கு வயித்துக்குள்ள ஏதோ பிசையும்.

சரி, முதல் படத்தில இருக்கிற வெள்ளை உருண்டை ஈயம். நீ சொன்ன அளவு சரியெண்டா, 17.5 மில்லிமீற்றர் 31 கிராம், அது பிறவுண் பெஸ் எண்டு வெள்ளைக்காரன்ர பழைய துவக்கு இருக்கெல்லே, குழல் வாயால மருந்தும் குண்டும் இடிச்சு இறக்கிறது, அதின்ர குண்டாத்தான் இருக்கும். அந்தக் குழல் 19 மில்லிமீற்றர் மட்டில, குண்டு வேணுமெண்டுதான் சின்னனா வாக்கிறது, ஏனெண்டா கரிமருந்து சுடச்சுட உள்ள கரி பிடிச்சுக்கொண்டு வரும், இறுக்கமா இருந்தா கொஞ்ச வெடியோட குண்டு இறங்காது. அந்த வெள்ளைத் தோல் ஈயம் மண்ணுக்க கிடந்து பூத்தது, பிரஷால உரஞ்சிப் போடாத, அதின்ர தூள் நஞ்சு வேற, கையைக் கழுவிப்போட்டுச் சாப்பிடு. பல்லுத்தடம் மாதிரிக் கிடக்கு, காயப்பட்ட ஆமிக்காரன் நோவில கடிச்சதோ எண்டு கேட்டனி, கதை நல்லாத்தான் இருக்கு, ஆனா அப்பிடிக் கிடைக்கிறதில கனக்க பண்டி சப்பினது. மண்ணைக் கிண்டித் தின்னுற சாமான் பண்டிதானே.

ஒரு விசயம் ஆனா. 1803ல எங்கட வன்னி அரசன் பண்டாரவன்னியன் வெள்ளைக்காரனிட்ட இருந்து முல்லைத்தீவுக் கோட்டையைப் பிடிச்சதும் பிறகு கற்சிலைமடுவில தோத்ததும் படிச்சனாங்கள்தானே, அந்த நினைவுக்கல்லடியில எத்தினை நாள் சைக்கிளை விட்டிட்டு நிண்டிருப்பம், அந்தக் காலத்து இங்கிலீசுப் படையின்ர துவக்கும் உந்தக் குடும்பம்தான்.

ரெண்டாவது, அந்த நீட்டு மூக்குச் சன்னம், .303, வெள்ளைக்காரன்ர லீ என்பீல்ட் ரைபிளின்ர. சுட்ட சன்னத்தில குழலின்ர வரி விழுந்திருக்கும், அதை எண்ணு. லீ என்பீல்டில அஞ்சு வரி, இடப்பக்கம் திரும்பும், ஏகேயில நாலு, வலப்பக்கம் திரும்பும். இஞ்ச எங்களுக்கு வாறதில முக்காவாசி ரி-56, அதுதான் சீன ஏகே, அதின்ர கோதுதான், சுட்டாப்பிறகு விழுற வெறும் பித்தளை, 39 மில்லிமீற்றர் நீளம், அடியில வெளிய தள்ளின விளிம்பு இல்லை. விளிம்போட 54 மில்லிமீற்றர் வந்தா பிகே மெஷின்கன், விளிம்போட 56 வந்தா .303, இது ரெண்டையும் புதுப் பெடியள் மாறிச் சொல்லுவாங்கள். சீனச் சன்னத்தில உள்ள இரும்பு, காந்தம் பட்டெண்டு ஒட்டும். ஆனா டிடெக்டரின்ர சத்தத்தை மட்டும் வச்சு ஒண்டும் சொல்லேலாது மச்சான், பீ4 மிதிவெடியில இரும்பு எண்டு பேருக்குத்தான் கிடக்கு, ஒரு கோது அதை விடப் பெரிசாக் கத்தும், அதால ஒவ்வொரு சத்தத்துக்கும் பக்கத்தால மெல்ல மெல்ல மண்ணெடுத்துத்தான் போகவேணும், அரை மணித்தியாலம் குந்தியிருந்து எடுத்தா கடைசியா ஒரு மீன்ரின்.

மூண்டாவது படம்தான் எனக்குப் பிடிக்கேல்ல. அது கோது இல்லையடா, முழு ரவை, அடியில நடுவில தட்டின பள்ளமே இல்லை, சுடாதது. அதை வீட்ட ஏன் கொண்டு வந்தனி? மனிசிக்கும் காட்டினியாம். இனி அதைத் தட்டாத, சூடு காட்டாத, காரில ஏத்திக்கொண்டும் திரியாத, போலிசுக்கு போன் அடிச்சுச் சொல்லு, வந்து எடுப்பாங்கள், அங்க லைசன்ஸ் இல்லாமல் அதை வச்சிருக்கிறதே குற்றம்.

கார்த்திகையில வரேக்க மெஷினையும் கொண்டு வந்து அப்பான்ர காணியில பாப்பம் எண்டு எழுதியிருக்கிறாய். வேண்டாம். காணியில மிதிவெடி இல்லை, கிளியர் எண்டு பேப்பர் குடுத்ததுதான், ஆனா கரையில இருக்கிற பத்தைக்கை நான் இப்பவும் போறேல்ல. மற்றது இஞ்ச மெஷினோட ஒருத்தன் நிண்டா புதையல் கிண்ட வந்தவன் எண்டுதான் பிடிப்பாங்கள், நீ குண்டு பாக்க வந்தனான் எண்டு சொன்னா இன்னும் மோசம்.

எங்கட கிணத்தடி இறைக்கேக்கயும் ஒரு ஈயக் குண்டு வந்தது, மனிசி பண்டாரவன்னியன் காலத்தது எண்டு சாமிப் படத்துக்குப் பக்கத்தில வச்சிருக்கிறா. நகைக்கடையில குடுத்து நிறுத்தன், 22 கிராம், உருண்டையும் இல்லை, சுத்திவர அச்சின்ர பிசிர் அப்பிடியே கிடக்கு. வலைக்குக் கட்டுற ஈயத்தை உருக்கி ஆரோ இடியன் எண்டுற நாட்டுத் துவக்குக்கு வாத்திருக்கிறான், மான் வேட்டைக்குப் போன எங்கட பெரியய்யாவாக் கூட இருக்கும். மனிசியிட்ட இன்னும் சொல்லேல்ல.

வரேக்க மெஷினுக்குப் பதிலா முழங்காலுக்குக் கட்டுற நல்ல பாட் ரெண்டு சோடி கொண்டு வா, இஞ்ச தாறது ஆறு மாசத்தில பிஞ்சிடும்.

இப்படிக்கு,
உன்ர பழைய வாங்குக் கூட்டாளி