இரண்டாவது ஆல்பம் போடப்போகும் பிள்ளைக்கு

அன்புள்ள தம்பிக்கு,

அப்பா எழுதுகிறேன். இங்கே எல்லோரும் நலம். அம்மாவுக்கு முழங்கால் வலி கொஞ்சம் மட்டுப்பட்டிருக்கிறது.

உங்கள் பேண்டின் முதல் ஆல்பம் பிடித்தவர்கள் அதே மாதிரி இன்னொன்று கேட்கிறார்கள், டிரம்ஸ் வாசிக்கிற பையனுக்கு அதில் துளியும் இஷ்டமில்லை, நீ நடுவில் மாட்டிக்கொண்டு முழிக்கிறாய் என்று அம்மாவிடம் புலம்பினாயாம். என்னிடம் சொல்லவில்லை. சரி, போகட்டும்.

நீ இருக்கிற ஷெஃபீல்டிலேயே ஒரு பேண்டுக்கு இதே சிக்கல் வந்திருக்கிறது. பிரிங் மீ த ஹொரைசன் பாட்டெல்லாம் உனக்குத் தலைகீழ்ப் பாடம். அவர்கள் இரண்டாவது ஆல்பம் போட்ட கதையை மட்டும் இப்போது ஒரு தரம் நினைத்துப் பார். 2006-ல் முதல் ஆல்பம், ‘கவுன்ட் யுவர் பிளெஸிங்ஸ்’. பாட்டு எழுதுவதற்காக நகரத்தை விட்டு வெளியே போய் உட்கார்ந்தார்கள். அலுப்புத் தட்டியதுதான் மிச்சம். பிறகு பர்மிங்ஹாமில் பதிவு செய்தபோது குடிதான் கரைபுரண்டது. ஆனாலும் டெத்கோர் என்கிற அந்த மூச்சுவிடாத முரட்டு மெட்டல் இரைச்சலுக்கு ஒரு கூட்டம் சேர்ந்துவிட்டது. அதையே இன்னொரு தடவை செய்திருந்தால் யாரும் ஏன் என்று கேட்டிருக்க மாட்டார்கள்.

அவர்கள் சுவீடனுக்குப் போனார்கள், ஃப்ரெட்ரிக் நோர்ட்ஸ்ட்ரோம் என்கிற தயாரிப்பாளரிடம். அட் த கேட்ஸ், இன் ஃப்ளேம்ஸ் என்கிற மெட்டல் பேண்டெல்லாம் அவர் கையால் பதிவானவர்கள். அவ்வளவு பெரிய ஆளுக்கு இந்தப் பையன்களின் முதல் ஆல்பம் பிடிக்கவே இல்லை. ஆரம்பத்தில் பதிவு நடக்கிற பக்கமே அவர் வரவில்லையாம். யோசித்துப் பார், காசு கொடுத்து வந்திருக்கிறாய், தயாரிப்பாளர் எட்டிக்கூடப் பார்க்கவில்லை. நானாக இருந்தால் மூட்டையைக் கட்டியிருப்பேன். இவர்கள் பாட்டுக்கு வேலையைப் பார்த்தார்கள். புதிதாக என்னவோ முயற்சி செய்கிறார்களே என்று காதில் விழுந்த பிறகு மனுஷன் தானாக வந்து உட்கார்ந்து, முழுமூச்சாக இறங்கிவிட்டார். யாரும் அவரிடம் போய் வாதாடி ஜெயிக்கவில்லை. பாட்டு இழுத்துக்கொண்டு வந்தது.

2008 செப்டம்பரில் வந்த அந்த ஆல்பத்தின் பெயர் ‘சூசைட் சீசன்’. (அம்மா காதில் போட்டுவிடாதே.) நீ அனுப்பியதை ஹெட்போனில் கேட்டேன். கிட்டார் ரிஃப்புக்கு நடுவே மூச்சுவிட இடம் இருக்கிறது. பாடகர் ஆலி சைக்ஸ் கத்தினாலும் வார்த்தை பிடிபடுகிறது. அங்கங்கே எலக்ட்ரானிக் சத்தம் எட்டிப் பார்க்கிறது. கடைசிப் பாட்டு எட்டு நிமிஷத்துக்கு மேல் ஓடுகிறது. முதல் ஆல்பத்தின் அவசரத்தோடு இருந்தவர்களால் அதைச் செய்திருக்க முடியாது. முதல் ஆல்பத்தில் பிரிட்டன் ஆல்பம் பட்டியலில் 93-ஆவது இடத்தில் இருந்தவர்கள் இதில் 47-க்கு வந்தார்கள். 2019-ல் முதலிடத்துக்கே போனார்கள் என்பது வேறு கதை. அதை வைத்து உனக்கு நியாயம் சொல்ல மாட்டேன். சுவீடனில் இருந்தபோது அந்தப் பையன்களுக்கு அதெல்லாம் தெரியாது, இருபதைத் தாண்டிய வயசுதான்.

அதனால் நான் சொல்வது இதுதான். நீங்கள் பேசிப் பேசி முடிவெடுக்கப் பார்க்கிறீர்கள். டிரம்ஸ் பையன் சொல்கிற ரெண்டு பாட்டை முதலில் பதிவு செய்யுங்கள், சுமாராக இருந்தாலும் பரவாயில்லை. அப்புறம் சண்டை போடுங்கள். கேட்காத பாட்டுக்காக ஒரு ஃப்ரெண்டை இழந்துவிடாதே.

இன்னொரு விஷயம். அந்த பேண்டில் கிட்டார் வாசித்த கர்ட்டிஸ் வார்டு 2009-ல் விலகிவிட்டார். பிறவியிலேயே ஒரு காது கேட்காது. மேடைச் சத்தத்தில் இன்னொரு காதும் கெட ஆரம்பித்திருந்தது. விலகியதற்கு வேறு காரணங்களும் இருந்திருக்கும், ஆனால் எனக்கு இதுதான் மனதில் நிற்கிறது. மைக் செட் கடை வைத்திருந்தவன் நான். திருவிழா முழுக்க குழாய் ஸ்பீக்கருக்குப் பக்கத்திலேயே படுத்துக்கிடந்த நம்ம கடைப் பையனிடம் இப்போது பேச வேண்டுமென்றால் நேரே முகத்தைப் பார்த்துக் கத்த வேண்டும். சத்தத்தை அளக்கிற டெசிபெல் கணக்கில் 85 என்றால் காது எட்டு மணி நேரம் தாங்கலாம்; ஒவ்வொரு 3 டெசிபெல் கூடும்போதும் அந்த நேரம் பாதியாகும். 100-க்குப் போனால் கால் மணி நேரம்தான். உங்கள் பிராக்டீஸ் ரூமில் டிரம்ஸும் ஆம்ப்பும் சேர்ந்தால் அதற்குக் குறைவாகவா இருக்கும்?

காதுக்கு அளவெடுத்துச் செய்துதருகிற அடைப்பான் அங்கே கிடைக்கிறதாமே. பஞ்சு வைத்துச் சமாளிக்கிறேன் என்று சொல்லாதே, பஞ்சு ஒன்றுக்கும் உதவாது. என்ன விலை என்று விசாரித்து எழுது, பணம் அனுப்புகிறேன். டிரம்ஸ் பையனுக்கும் சேர்த்தே கேள்.

இப்படிக்கு,
அப்பா