பாலுவுக்கு: மியாட்டாவும் ஜிடிஐயும்

ஸ்டுட்கார்ட்

அன்புள்ள பாலு,

உன் கடிதம் கிடைத்தது. அம்மாவுக்குக் கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது என்று படித்ததும்தான் நிம்மதி. இங்கே எல்லோரும் நலம். நிலா லைசென்ஸ் வாங்கிவிட்டாள். 17 வயதுதான் என்பதால் பக்கத்தில் பெரியவர் ஒருவர் உட்கார்ந்தால்தான் ஓட்டலாம். அந்த வேலை இப்போது என்னுடையது.

அங்கே அமெரிக்காவில் நீ மாஸ்டாவின் குட்டி ஸ்போர்ட்ஸ் கார் மியாட்டாவை வாங்கியதில் எனக்கு ரொம்ப சந்தோஷம். ஆனால் "அமெரிக்காக்காரர்களுக்குச் சின்னக் காரின் அருமை தெரியாது" என்று எழுதியிருக்கிறாயே, அதை நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். இரண்டு பேர் உட்காரும், கூரை திறக்கும் குட்டி ஸ்போர்ட்ஸ் காரைப் பெரிதாக வளர்த்தது இங்கிலாந்து, சரி. அதற்குச் சோறு போட்டது யார்? எம்ஜிபி என்ற அந்த மாதிரி பிரிட்டிஷ் காரை 1962 முதல் 1980 வரை 5 லட்சத்துக்கு மேல் செய்தார்கள். அதில் பெரும்பகுதி அமெரிக்காவுக்குத்தான் கப்பலேறியது. 1974-இல் அமெரிக்க பம்பர் விதிக்காக மூக்கில் கறுப்பு ரப்பரை மாட்டி, காரையே உயரத் தூக்கினார்கள். வளைவில் அது சாய ஆரம்பித்தது. 1980-இல் அது தயாரான ஆபிங்டன் தொழிற்சாலையும் மூடிவிட்டது. அந்த ஆசையை மாஸ்டா என்ற ஜப்பான் கம்பெனி மறுபடி கையில் எடுத்து, 1989-இல் சிகாகோ கண்காட்சியில் கொண்டுவந்து நிறுத்தியது. அதுதான் இன்று உன் வாசலில் நிற்கிறது.

என்னைக் கேட்டால், வித்தியாசம் ரசனையில் தொடங்கவில்லை, வீட்டில் எத்தனை கார் என்பதில் தொடங்குகிறது. உன் வீட்டில் மியாட்டா மூன்றாவது கார். சாமான் ஏற்ற பிக்கப் இருக்கிறது, குழந்தைகளுக்கு எஸ்யூவி இருக்கிறது. இங்கே அடுக்குமாடி வீடு, தெருவில்தான் பார்க்கிங், எஞ்சின் சிசிக்கும் புகைக்கும் சேர்த்து வரி. ஆபீசுக்கும் மார்க்கெட்டுக்கும் ஆல்ப்ஸைத் தாண்டி இத்தாலிக்கும் அதே ஒரு கார்தான். ஓட்டும் சுகமும் அதற்குள்ளேயே கிடைத்தாக வேண்டும். ஃபோக்ஸ்வாகன் கம்பெனியின் கோல்ஃப் காரில் வேகமான வகையான ஜிடிஐ அப்படித்தான் வந்தது: 1976, 1.6 லிட்டர், 110 குதிரைத்திறன், எடை 800 கிலோ சொச்சம். 5,000 கார் விற்றால் போதும் என்று நினைத்த கம்பெனி, முதல் தலைமுறையிலேயே நாலரை லட்சத்துக்கு மேல் விற்றது.

எங்கள் தெருவில் ஒருவர் அந்த முதல் தலைமுறைக் காரை இன்னும் வைத்திருக்கிறார். நிலாவை உட்கார வைத்துக் காட்டினார். கியர் தண்டின் உச்சியில் நிஜமாகவே கோல்ஃப் பந்து வடிவில் ஒரு குமிழ், கட்டம் போட்ட சீட் துணி, முன்கிரில்லைச் சுற்றி மெல்லிய சிவப்புக் கோடு. இரண்டு பிள்ளைகளையும் அந்த ஒரே காரில்தான் வளர்த்தேன் என்றார்.

அதே கோல்ஃப் அமெரிக்காவில் ராபிட் என்ற பெயரில் பென்சில்வேனியாவில் தயாரானபோது, ஸ்பிரிங்கையெல்லாம் மெத்தென்று ஆக்கிவிட்டார்கள். ஜிடிஐ அங்கே வர 1983 மாடல் வரை ஆயிற்று. அதுவும் 90 குதிரைத்திறன்தான்.

ஆக்சிலரேட்டரை மிதித்தால் முதுகு சீட்டில் ஒட்ட வேண்டும் என்கிற உங்கள் ஊர் ஆசையையும் நான் மதிக்கிறேன். நீண்டு நேராகக் கிடக்கும் சாலையும், 1993-க்குப் பிறகு காலனுக்கு 18.4 சென்ட்டைத் தாண்டாத மத்திய பெட்ரோல் வரியும் இருந்தால் எனக்கும் அந்த ஆசை வரும். 1964-இல் சன்பீம் டைகர் வந்ததே, நினைவிருக்கிறதா? குட்டி பிரிட்டிஷ் காருக்குள் ஃபோர்டின் 4.2 லிட்டர், எட்டு சிலிண்டர் வி8 எஞ்சின். இண்டு இடுக்கில்லாமல் அடைத்ததில் ஒரு ஸ்பார்க் பிளக்கைக் கழற்ற, காருக்கு உள்ளிருந்து தடுப்புத் தகட்டில் போட்ட ஓட்டை வழியாகத்தான் கை விட முடியும்! அந்தப் பிடிவாதம் எனக்குப் பிடித்திருக்கிறது.

அப்புறம், உன் பையன் மஸ்டாங் கேட்கிறான் என்று எழுதியிருந்தாய். முடிவு செய்வதற்கு முன் ஃபோர்டின் சின்னக் கார் ஃபியஸ்டாவில் வேகமான வகையான பழைய எஸ்டி ஒன்றை அவனை ஓட்டிப் பார்க்கச் சொல். ஐந்து கதவு, 1.6 டர்போ, கியர் கையில்தான். 2019-உடன் உங்கள் ஊரில் அதன் விற்பனை நின்றுவிட்டது. 2023-இல் கொலோன் ஆலையில் ஃபியஸ்டாவையே நிறுத்திவிட்டார்கள்; எனக்கு அதில் இன்னும் ஆறவில்லை. நல்லதாக ஒன்று கண்ணில் பட்டால் விடாதே. சர்வீஸ் புத்தகத்தை மட்டும் எனக்குப் படம் எடுத்து அனுப்பு, பார்த்துச் சொல்கிறேன்.

மே மாதம் நீ வருவது உறுதிதானே? பாடன்-பாடனிலிருந்து ஃப்ராய்டன்ஷ்டாட் வரை மலைமேல் பி500 சாலை இருக்கிறது. வாடகைக்கு ஒரு ஜிடிஐ எடுத்து வைக்கிறேன். போகும்போது நீ ஓட்டு, வரும்போது நான். தேதியைச் சீக்கிரம் எழுது.

அன்புடன்,
சேகர்