இரண்டாம் முறைச் சோறு வைத்த சமையல் காக்காவுக்கும் ஏனையோருக்கும்

அன்பான தமிழ், முஸ்லிம் ஊர்கள் இரண்டின் மக்களுக்கும்,

கடந்த கிழமைகளில் நமக்கிடையே நடந்ததை இங்கே திரும்ப எழுதத் தேவையில்லை. ஞாயிற்றுக்கிழமை பத்துச் சகனை, அதாவது பலர் சேர்ந்து சாப்பிடும் பெரிய தட்டுகளை, சுற்றி இரண்டு ஊரையும் சேர்ந்த அறுபது பேர் இருந்து, பிற்பகல் அஸர் தொழுகைக்குப் பாங்கு கேட்கும்வரை எழும்பாமல் கதைத்தோம். மனம் இன்னும் ஆறவில்லை. அதற்குள் நன்றியைச் சொல்லிவிட வேண்டும்.

முதல் நன்றி சமையல் காக்காவுக்கு. முஸ்லிம் ஊரில் அண்ணனைக் காக்கா என்றுதான் கூப்பிடுவோம். பெயர் போடவேண்டாம் என்று கேட்டுக்கொண்டதால் போடவில்லை.

சோறு கறி ஆக்கித் தாருங்கள் என்றுதான் கேட்டோம். மீதியெல்லாம் அவர் யோசித்தது. மாட்டிறைச்சி வைத்தால் ஒரு பக்கத்தார் கை நீட்டமாட்டார்கள். கோழி என்றால் யார் அறுத்தது என்று மற்றப் பக்கத்தார் கேட்பார்கள். மீனுக்கு அந்தச் சிக்கல் இல்லை. அதிலும் பாரை மீனைப் பார்த்து எடுத்தார். துண்டு பெரிது, முள் சேர்ந்து கழன்று வரும். பொடி முள் மீனென்றால் ஆட்கள் தட்டைத்தான் பார்த்துக்கொண்டிருப்பார்கள், எதிரே இருப்பவர் முகத்தைப் பார்க்கமாட்டார்கள். மீன் சாப்பிடாதவர்களுக்குப் பருப்பும் கத்தரிக்காயும் வேறு சட்டியில், வேறு அகப்பையோடு.

ஒரே சகனில் ஆறு பேர் கை வைத்துச் சாப்பிடுவது எல்லாருக்கும் பழக்கமில்லை. அதனால் ஒவ்வொரு சகனிலும் ஆறு வாழையிலைத் துண்டும் நடுவில் ஒரு அகப்பையும் வைத்திருந்தார். விரும்பியவர் சகனில் சாப்பிட்டார், மற்றவர் இலையில் போட்டுக்கொண்டார். எவரும் எவருக்கும் காரணம் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

எங்களை நெகிழ வைத்தது அடுத்தது. சகனுக்கு ஒரு கிலோ அரிசி கணக்கு. முதலில் பாதியைத்தான் வைத்தார். முழுவதையும் ஒரே தடவையில் வைத்தால் கால் மணித்தியாலத்தில் தட்டு காலியாகும். ஒருவர் கை கழுவ எழும்பினால் மற்றவர்களும் எழும்பிவிடுவார்கள். அதோடு கதை அறுந்துவிடும். மீதிச் சோற்றைக் கிடாரத்தில் மூடி, தணலில் சூடு ஆறாமல் வைத்திருந்து, எந்தச் சகனில் கதை கனக்கிறதோ அங்கே கொண்டுபோனார். கதைக்கிறவர் சாப்பிடமாட்டார், கேட்கிறவர்கள் கைதான் தட்டுக்குப் போகும் என்பது அவருக்குத் தெரிந்திருக்கிறது. பெண்கள் இருந்த சகன் ஒன்றில் ஒரு தாய் கதைத்துக்கொண்டிருந்தார். அவர் பக்கத்துச் சோற்றில் விரல் பட்ட அடையாளமே இல்லை, குழம்பு ஓரத்தில் ஆடை கட்டியிருந்தது. காக்கா குனிந்து ஆறியதை எடுத்துவிட்டு, சுடுசோறும் ஒரு துண்டு மீனும் வைத்து, ஒன்றும் சொல்லாமல் போனார். அந்தத் தாய் ஒரு வாய் சாப்பிட்டார். பிறகு விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தார்.

இந்த மட்டக்களப்புப் பக்கத்தில் 1990 ஓகஸ்ட் 3 காத்தான்குடி, பள்ளிவாசல்களில் தொழுகையில் இருந்த முஸ்லிம்கள் கொல்லப்பட்ட நாள், என்று ஒருவர் தொடங்கினால், அதே ஆண்டு செப்டெம்பர் 9 சத்துருக்கொண்டான், தமிழ்க் கிராமத்தவர்கள் கொல்லப்பட்ட நாள், என்று மற்றவர் மறுமொழி சொல்வார். 2019 ஏப்ரல் 21 சீயோன் தேவாலயக் குண்டுவெடிப்புக்குப் பிறகு அந்தக் கணக்கு இன்னும் நீண்டது. இரண்டு பக்கத்துச் சாவுகளும் உண்மைதான். ஆனால் ஒன்றை மற்றதன் மேல் வைத்தவுடன் இரண்டுமே கேட்கப்படாமல் போகின்றன. அதனால் ஒரு சாவுக்கு இன்னொரு சாவால் மறுமொழி சொல்வதில்லை என்ற ஒரே விதியை வைத்தோம். ஒருவர் சொல்லி முடித்ததும் பக்கத்திலிருப்பவர் தான் கேட்டதைத் தன் வாயால் திருப்பிச் சொல்வார். சரிதான் என்று சொன்னவர் தலையாட்டிய பிறகே அடுத்தவர் முறை. யார் செய்தது என்று எவரும் கேட்கவில்லை. அந்த நேரம் உங்களுக்கு யார் கதவைத் திறந்தார்கள் என்றே கேட்டோம். மேடை, ஒலிபெருக்கி, பொன்னாடை எதுவும் இல்லை. தமிழரும் முஸ்லிம்களும் பிட்டும் தேங்காய்ப்பூவும் போல வாழ்ந்தோம் என்று ஒலிபெருக்கியில் சொல்லிவிட்டுப் போகும் கூட்டங்கள் இங்கே போதுமான அளவு நடந்துவிட்டன.

கைத்தொலைபேசிகளைக் கூடையில் வாங்கி வாசலில் காத்த இளைஞர்களுக்கு நன்றி. பதிவு செய்கிறார்கள் என்ற பயம் இருந்தால் வாய் திறக்காது. முழங்கால் வலிக்காரருக்குக் கதிரையும் தாழ்ந்த மேசையும் தந்த பாடசாலை, சகன்களைத் தந்த பள்ளிவாசல் நிர்வாகம், கட்டித் தயிர் அனுப்பிய ஆலய பரிபாலன சபை, காலைப் பூசை முடிந்த கையோடு பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ள வந்த மாதர் சங்கத்தினர், வயதானவர்களைக் கூலி வாங்காமல் வீடு சேர்த்த ஆட்டோ ஓட்டுநர்கள் எல்லாருக்கும் நன்றி. வர மனமில்லை என்று நேரே சொல்லியனுப்பிய குடும்பங்களுக்கும் நன்றி. உங்கள் இடம் அப்படியே இருக்கிறது.

அடுத்த சாப்பாடு கோயில் மண்டபத்தில், ஆகவே மரக்கறி. பூசணிக்காயும் வாழைக்காயும் சொல்லியாகிவிட்டது. சோற்றை இரண்டு முறையாகத்தான் வைப்போம். காக்கா, அன்றைக்கு நீங்கள் அடுப்படிக்கு வரக்கூடாது. ஞாயிற்றுக்கிழமை நீங்கள் சாப்பிட்டதை ஒருவரும் காணவில்லை. முதல் சகனில் ஆறாவது ஆளாக வந்து இருங்கள்.

இப்படிக்கு,
இரு ஊர் ஏற்பாட்டுக் குழுவினர்